நனைச்சுட்டு ஆரம்பி

தன்னைப் பற்றிய வதந்தியைக் கடைக்காரி தன் சலூன் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியேதான் கேட்டாள். சொன்னவர் மருந்துக்கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர். கழுத்தில் துண்டைப் போர்த்தியதும் வாய் தானாகத் திறந்துகொள்ளும் ரகம்.

"இந்தத் தெருவுல எதுக்கெடுத்தாலும் 'நனைச்சுட்டு ஆரம்பி'ங்கறாங்களே, ஏன் தெரியுமாக்கா? முன்னாடி இங்க முடி வெட்டின அம்மா ஒருத்தங்க, வம்பு பண்ணின ஆள் தலையில வாளித் தண்ணியைக் கவுத்துட்டாங்களாம். எங்க முதலாளியோட மச்சான் சொன்னாரு."

"அவர் நேர்ல பார்த்தாராமா?"

"அவருக்கு யாரோ சொன்னாங்களாம்."

"தலையை ஆட்டாதீங்க தம்பி, காது போயிடும். அந்த அம்மா நான்தான்."

அவர் கண்ணாடியில் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளைக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்ட புருஷன் பெண்டாட்டிக்கும் தெரு சொல்லும் ஆறுதல், இந்த 'நனைச்சுட்டு ஆரம்பி'. பிறந்தது இதே நாற்காலியில். இந்தக் கடையை நடத்திவந்த கணவருக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது அவள் கத்தரியை எடுத்தாள். முதல் தலை, பழைய வாடிக்கையான பஸ் டிரைவருடையது. "வேற கடை பாருங்கண்ணே" என்று கணவரே கெஞ்சியும் அவர் அசையவில்லை.

இடது காதுக்கு மேல் எலி கடித்த மாதிரி ஒரு வெட்டு விழுந்தது. அதைச் சரிக்கட்ட வலப்பக்கம் கை வைத்தாள். அது இன்னும் மோசம். மறுபடி இடப்பக்கம். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"ஏம்மா, என் தலையில என்ன பஸ்ஸா திருப்பறே? கத்தரியைக் கீழ வை. நனைச்சுட்டு ஆரம்பி."

நனைத்துச் சீவியதும் முடி நேராகப் படிந்தது. எது ரொம்பக் குட்டை என்று அப்போதுதான் தெரிந்தது. மற்றதையெல்லாம் அந்த அளவுக்குக் கொண்டுவந்தாள். போன முடி போனதுதான். ஆனால் தலை தலையாக இருந்தது. அந்தத் தலையோடு அவர் பஸ் ஓட்டி, கேட்டவர்களிடமெல்லாம் "நம்ம தங்கச்சி வெட்டினது" என்று பெருமையடித்தார். அவள் வீட்டில் இன்றுவரை அடுப்பு எரிவது அந்த வாயால்தான்.

கதையைக் கேட்டு முடித்தவர், "அப்போ வாளி?" என்றார்.

"வாளியும் இல்ல, வம்பும் இல்ல. இந்த ஸ்பிரே பாட்டில்தான்."

"மகன் வீட்டோட போயிட்டாரே, அந்த டிரைவரா? அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சே போயிடுச்சாமேக்கா!"

கத்தரி நின்றது. "யார் சொன்னது?"

"முதலாளியோட மச்சான்தான்..." என்று இழுத்தார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாளியைக் கவிழ்த்த அதே வாய். கடவுளே, இதையும் அது புளுகியிருக்கட்டும்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து டிரைவரின் எண்ணை அழுத்தினாள். நிஜமாகவே இருந்தால்தான் என்ன? 'ஒரு சொல்லு மிச்சமிருந்தாலும் போதும்ணே, அதுலேர்ந்து ஆரம்பிப்போம்' என்று சொல்ல வேண்டும்.

மறுமுனையில் மணி அடித்தது. பாதி வெட்டிய தலையிலிருந்து சட்டைக்குள் நீர் சொட்டச் சொட்ட, மருந்துக்கடைத் தம்பி அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.