கோடு போட்ட கையெழுத்து

உறுப்பினருக்கு நாற்காலி ஆகாது. சட்டமன்றத்துக்கு மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தவர்தான். ஆனால் அங்கே அரைமணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. உள்ளே விவாதம் அனல் பறக்கும்போது அவர் தாழ்வாரத்தில் ஏதாவது ஒரு அதிகாரியை மடக்கி நிறுத்தியிருப்பார். முன்பு தண்ணீர் மோட்டார் பழுது பார்த்தவர். எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்பது தொகுதி முழுக்க அவருக்கு மனப்பாடம். அந்தப் பழக்கத்தில் விழுந்த ஓட்டுதான் முதல் வெற்றி. இன்றைக்கும் ‘மோட்டார்க்காரர்’ என்றால்தான் பலருக்கு ஆளைத் தெரியும்.

ஜெயித்த முதல் மாதமே வாசலில் கூட்டம். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். ஒரே பதவிக்கு ஏழு பேருக்கு அவர் கடிதம் போய்ச் சேர்ந்தபோது அதிகாரிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஓய்வுபெறப் போகிற ஒரு செயலாளர்தான் வழி காட்டினார். கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்திருந்தால் அது நிஜமான கடிதம். கோடு இல்லையென்றால் வந்தவரின் மனம் நோகாமல் இருக்க எழுதியது. பதினான்கு வருடமாக அந்த ஏற்பாடு பிசகவில்லை. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அதிகாரிகளைத் தவிர, அலுவலகத்தைக் கவனிக்கும் மைத்துனனுக்கு மட்டும் தெரியும்.

அன்று காலை பதினொரு மணிக்குச் சுகாதாரத் துறையிலிருந்து அதிகாரி பேசினார்.

“ஐயா, பிரசவ ஆஸ்பத்திரி உங்க தொகுதிக்கு ஒண்ணுதான். உங்க கடிதம் ரெண்டு வந்திருக்கு.”

“கோடு எதுல இருக்கு பாருங்க.”

“அதான் சங்கடம். ரெண்டுலயும் இருக்கு. சந்தை ஊருக்கு ஒண்ணு, மலையடி ஊருக்கு ஒண்ணு. அஞ்சு மணிக்குள்ள ஒரே கடிதமா என் கைக்கு வரணும். இல்லைன்னா பக்கத்துத் தொகுதிக்குப் போயிடும்.”

உறுப்பினர் ஃபோனை வைத்துவிட்டு அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எப்படி நடந்தது என்பது நினைவுக்கு வந்துவிட்டது. போன மாதம், குண்டும் குழியுமான சாலை, ஓடுகிற கார், மடியில் கடிதக் கட்டு. சந்தை ஊருக்கு மனதார ஒரு கோடு இழுத்தார். அடுத்த தாளைப் புரட்டியபோது கை அதே வேகத்தில் அதற்கும் இழுத்துவிட்டது.

“இதுல மண்டையை உடைச்சுக்க என்ன மாமா இருக்கு?” என்றான் மைத்துனன். “சந்தை ஊர்ல ஒம்பதாயிரம் ஓட்டு. மலையடியில அறுநூறு. அதுலயும் பாதிப் பேர் வேலைக்கு வெளியூர் போயிட்டாங்க.”

“தெரியும்டா.”

“தெரிஞ்சா ஏன் தரையைத் தேய்க்கிறீங்க?”

மதியம் ஒரு மணி தாண்டியும் முடிவு வரவில்லை. அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தார். மலையடி ஊரில் இருபது வருடமாகப் பிரசவம் பார்க்கும் நர்ஸ். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

“வருஷத்துக்கு ஒண்ணா நீங்க கொடுத்த கடிதம், எட்டு. நகல் எடுத்து வெச்சிருக்கேன். ஏழு தடவையும் ஆபீஸ்ல வாங்கி, படிக்காமலே தட்டுல போட்டாங்க. எட்டாவதைப் பார்த்ததும் கிளார்க் எழுந்து நின்னு, ‘டீ குடிக்கிறீங்களாம்மா’ன்னு கேட்டார். வீட்டுக்கு வந்து எட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். இந்தக் கோடு மட்டும்தான் வித்தியாசம். இது எதுக்குங்க?”

மைத்துனன் முந்திக்கொண்டான். “அது ஒண்ணும் இல்லைம்மா. கை போற போக்குல விழுந்தது.”

அவன் சமாளிப்பதற்காகச் சொன்னது அப்படியே உண்மையாக இருந்ததுதான் உறுப்பினரைச் சுட்டது. ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார்.

“கோடு இருந்தா செய்யணும்னு அர்த்தம்மா.”

“அப்போ இந்த ஏழும்?”

நர்ஸ் ஏழு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். குரல் உயரவில்லை.

“இந்த ஏழு வருஷத்துல ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே பதினோரு பிரசவம். ரெண்டு தாய் பிழைக்கலை. எட்டாவது நிஜந்தானே? அதை மட்டும் சொல்லுங்க, நான் கிளம்பறேன்.”

மைத்துனன் கண்ணால் ஜாடை காட்டினான். மணி ஒன்றரை. தலைநகருக்குக் காரில் இரண்டு மணி நேரம். உறுப்பினர் நின்றபடியே ஒரு தாளை இழுத்து எழுதினார்: மலையடி ஊருக்கே கொடுக்கவும், மற்றதை ரத்து செய்யவும். கையெழுத்துப் போட்டுக் கோடும் இழுத்து நர்ஸிடம் நீட்டினார்.

“என் கார்லயே போங்க. நீங்களே கொடுங்க.”

“மாமா, உங்களுக்குப் பைத்தியமா?”

“உன் வண்டிச் சாவியைக் கொடு. சந்தை ஊருக்குப் போகணும்.”

“ஃபோன்ல சொல்லித் தொலைக்கலாமே!”

“ஃபோன்ல சொன்னா மறுபடியும் ஏதாவது மழுப்பிடுவேன்டா.”

சந்தை ஊரில் வியாபாரிகள் சங்கத் தலைவர் காலி மனையில் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் தனியாக வந்த உறுப்பினரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்க, வாங்க! எப்போ அஸ்திவாரம்?”

“இங்கே வராது. மலையடிக்குக் கொடுக்கச் சொல்லி எழுதிட்டேன்.”

தலைவர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “எங்களுக்கும் எழுதிக் கொடுத்தீங்களேய்யா!”

“எழுதினேன். எல்லாருக்கும்தான் எழுதினேன்.” கோட்டு விஷயத்தை முதலிலிருந்து சொன்னார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“அப்போ என் பொண்ணு வேலைக்குக் கொடுத்த கடிதம்?” என்றார் ஒரு தையல்காரர்.

“எங்க தெருத் தண்ணிக் குழாய்?” என்றாள் காய்கறிக்காரி.

“அடுத்த தேர்தல்ல இந்தப் பக்கம் வந்து பாருங்க, அப்போ இருக்கு!” என்று தலைவர் கத்தினார்.

உறுப்பினர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். வண்டி பக்கத்திலேயே நின்றது. ஏறவில்லை.

“வீட்டுல இருக்கிற கடிதத்தையெல்லாம் எடுத்துட்டு வாங்க,” என்றார். “நானே பார்த்துச் சொல்றேன்.”

தையல்காரர் முதலில் ஓடி வந்தார். நாலாக மடித்து மடித்து ஓரம் நைந்த தாள். உறுப்பினர் பிரித்து அடியில் பார்த்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் தையல்காரர்.

“இதுல கோடு இல்லைப்பா,” என்றார் உறுப்பினர்.