வலக்கையைத் தூக்கிய இடக்கை

எண்பதுகளில் நான் வவுனியாவில் தாதியாக இருந்தபோது முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு மீனவர் வந்தார். அகன்ற முதுகு, உப்பேறி வெளிறிய மீசை. எதைத் தொடங்கினாலும் சிலுவை அடையாளம் போடுவார். வலக்கை தானாக எழாது. இடக்கையால் அதை யாருடைய பொருளையோ போலத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோவார்.

கர்ப்பிணிகளுக்கென்று வந்திருந்த ஸ்கான் கருவியை டொக்டர் அவருடைய தோளில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“இது சுளுக்கில்லை அண்ணை. தசைநார் அறுந்திருக்கு. முதல் கொஞ்சம்தான் அறுந்திருக்கும். ஆரோ இழுத்து இழுத்து உருவி முழுக்க அறுத்துப்போட்டினம். இனித் தைக்கேலாது.”

மீனவர் திரையைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். வெளியே வாங்கில் அவருடைய மனைவி எண்ணெய்ப் போத்தலோடு உட்கார்ந்து காத்திருந்தார்.

“மனுசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ ஐயா. அவாதான் ஒவ்வொரு நாளும் உருவினவா.”

கையில் ஒட்டிய ஸ்கான் களிம்பைத் துடைக்கவும் மறந்து அந்த மனிதர் பின்னால் கதவுவரை போனேன்.

“என்னவாம்?” என்று அந்த அம்மா கேட்டார்.

“சுளுக்குத்தானாம்,” என்றார் மீனவர்.

பக்கத்தில் உட்கார்ந்து, இடக்கையால் வலக்கையைத் தூக்கி மனைவியின் மடியில் வைத்தார். அந்த அம்மா போத்தலைத் திறந்து, தோளைப் பிடித்து இழுத்து உருவத் தொடங்கினார்.

“இப்ப சுகமாக் கிடக்கு,” என்றார் அந்த மனிதர்.