மெழுகி மூடிய கரி ஓட்டை

எங்கள் திருக்கோகர்ணம் வீட்டு விறகடுப்பை வெள்ளிதோறும் சாணியிட்டு மெழுகுவது என் வேலை. ஒரு விரிசல்கூட விடமாட்டேன். ஆனால் சில மாதங்களாகப் புகை குழாய் வழியே மேலே போகாமல் சமையலறைக்குள்ளேயே திரும்பியது. மனைவிக்கு இளைப்பு அதிகமானது. விறகு ஈரம் என்று நான் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா ஒருநாள் குழாயின் அடியைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, குழாயில படியுற கரிய அள்ளுற ஓட்டை எங்கிட்டு இருக்கு?"

"அழகா இருக்கட்டும்னு மெழுகி மூடிட்டேங்க்கா."

"பொண்டாட்டி மூச்சையும் சேத்துல்ல மூடிட்டீங்க!"

கூனிக் குறுகிப்போனேன். உடனே அந்த இடத்தை உடைத்து, குழாயை அடைத்திருந்த கரியை வாளி நிறைய அள்ளினேன். அடுப்பு மூட்டியதும் கூரைக்கு மேலே புகை நேராக எழுந்தது. உள்ளே மனைவி இருமாமல் குழம்பு தாளித்தாள்.

இப்போது மாதம் தவறாமல் நானே கரி அள்ளுகிறேன். கறுத்த கைகளோடு யார் முன்னால் நிற்கவும் எனக்குக் கூச்சமில்லை, பெருமைதான்.