அரை மணி முந்திய கடிகாரம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வெள்ளவத்தை ஃபிளட்டில் நானும் கணினியும்தான். லண்டனில் இருக்கும் மகளுக்கு நான் எழுதிய பழைய மின்னஞ்சல்களைப் புத்தகமாக்க நினைத்தேன். கணினி நேரத்தை நாளும் மணியுமாக வைப்பதில்லை. கிரீனிச் நேரப்படி நொடிகளை எண்ணி ஒரு நீண்ட எண்ணாக வைக்கிறது. அதைச் ‘செவ்வாய்க்கிழமை, மாலை’ என்று எழுத்தாக்க ஒரு சிறிய நிரல் எழுதினேன். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் இலங்கை நேரம்.

முதலில் ஒரு மின்னஞ்சலைத்தான் தேடினேன். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள், “போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்கோ” என்று தாதி அனுப்பிவிட, காலி வீதியில் இணைய வசதியுள்ள ஒரு கொமியூனிகேஷன் கடைக்குள் இருந்து எழுதியது: ‘அம்மா நித்திரை. பயப்பட ஒன்றுமில்லை.’ திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். மரணச் சான்றிதழில் 5.30.

நிரல் 5.12 என்றது. உடனே மகளை அழைத்தேன்.

“அப்ப நீங்கள் எழுதேக்க அம்மா இருந்தவ, என்னப்பா?”

“ஓம் பிள்ளை. பதினெட்டு நிமிசம் முந்தி அனுப்பினனான்.”

“இதைக் கேக்கத்தான் இவ்வளவு வருசமும் பயந்தனான்” என்று அழுதாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் கதைத்தோம்.

மறுநாள் சரிபார்க்க அந்த வருட டயறியை எடுத்தேன். ‘கோயில் பூசை 6.00, பழைய நேரம்’ என்று என் கையெழுத்து. அந்த வருடங்களில் நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். யார் நேரம் சொன்னாலும் “பழசோ, புதுசோ?” என்று கேட்டே நாங்கள் பத்து வருடம் வாழ்ந்தோம். நிரல் எழுதும்போது அது என் நினைவுக்கு வரவில்லை. கூட்டியிருக்க வேண்டியது ஐந்தரை அல்ல, ஆறு மணி நேரம். சான்றிதழில் இருந்ததோ புது நேரம். மின்னஞ்சல் போனது 5.42க்கு, மனைவி போய்ப் பன்னிரண்டு நிமிடம் கழித்து.

இரண்டு நாள் நிரலின் அந்த வரியைத் தொடவில்லை. பிறகு திருத்தினேன். அவளுக்கும் சொன்னேன்.



“இப்ப உங்களை ஆரப்பா கேட்டது?”

“பிழையான நேரத்தை எப்பிடிப் புத்தகத்தில போடுறது, பிள்ளை?”

“அப்ப அந்தப் புத்தகத்தை நீங்களே வைச்சு வாசியுங்கோ.”

அச்சாகி வந்த புத்தகத்தில் 5.42 என்றுதான் இருக்கிறது. தபால் உறையில் அவளுடைய முகவரியையும் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். ஞாயிறு தவறாமல் அழைப்பவள். அழைப்பு வராத மூன்றாவது ஞாயிறு இது.