நஸீர் நானாவின் தோண்டும் மீன்கள்

அழகு மீன் விற்பவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: மீன், வாங்கியவரின் வீட்டுக்குப் போய்விடும்; அதன் கவலை மட்டும் கடையிலேயே தங்கிவிடும். தொட்டி வைத்துத் தவிக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் கடை இரத்தினபுரியில்; மாணிக்கக் கல் தேடி ஊரே மண்ணைத் தோண்டும் இடம்.

ஒற்றை மீன்

லோச் என்றொரு மீன். செம்மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை, வாயோரம் மீசை, வளர்ந்தால் ஒரு சாண். கூட்டமாகத்தான் வாழும். கல் வியாபாரி நஸீர் நானா ஒன்றே போதுமென்று அடம்பிடித்து வாங்கிப்போனார். அது தொட்டியில் கிடந்த குழாய்க்குள் புகுந்துகொண்டு தீனியைத் தொடவேயில்லை. இன்னும் ஐந்தைக் கொடுத்தனுப்பினேன். மறுநாளே போன் வந்தது.

"ஒத்தையில திங்காதது கூட்டத்தில புடுங்கித் திங்குது, தங்கச்சி. எங்கட கந்தூரி விருந்து மாதிரியே ஈக்கி!"

செத்த தூக்கம்

ஒரு காலையில் மறுபடி போன். அழாத குறை. பெரிய மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறதாம். புதைக்கக் கொல்லையில் குழிகூடத் தோண்டியாகிவிட்டது. லோச் அப்படித்தான் தூங்கும். முதல் தடவை பார்த்தபோது நானும் செத்துவிட்டதென்றே நினைத்தேன். "கொஞ்சம் தீனி போட்டுப் பாருங்க நானா" என்றேன். போனைப் பிடித்தபடியே தீனி போட்டார்.

"எழும்பிட்டு தங்கச்சி! குழி தோண்டினது தோண்டியாச்சு, இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டிப் பார்க்கட்டா?"

மீசை

பிறகொரு நாள், மீன்களின் மீசை தேய்கிறது என்றார். தீனியைத் தேடிப் பிடிப்பது மீசையால்தான். அது போனால் பட்டினி கிடந்தே சாகும். பதறிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தொட்டியின் அடியில் மாணிக்கக் குழியில் அள்ளிய கூரான சரளை! கழுவி, கல் தேடி, ஒன்றுமில்லையென்று ஒதுக்கியது. பக்கத்தில் ஒரு டார்ச். இத்தனை மீன் இருக்க, அடியைக் கிளறும் இந்த மீனை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

"நம்மட கண்ணுக்குத் தப்பினது இதுகட மீசைக்குத் தப்புமா, தங்கச்சி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்லு வேணுமா, மீனு வேணுமா நானா?" என்று கேட்டேன். சரளையைப் பார்த்தார். மீன்களைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்து, சரளையைத் தானே அள்ளினார். ஆற்று மணல் போட்டோம். மீசை மெல்ல வளர்ந்தது.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். மீன்கள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. நானா டார்ச்சோடு குனிந்திருந்தார்.

"மணல்ல ஒண்டுமில்லண்டு எனக்குத் தெரியும். அதுகளுக்குத் தெரியாதே!"

இந்த ஊரில் எதையும் தோண்டாதவள் நான் ஒருத்திதான்; அதனால்தான் இன்னும் மீன் விற்றுக்கொண்டிருக்கிறேன்.