ஒரு வீடு, ஒரு கம்ப்யூட்டர், நாலு பாஸ்வேர்டு

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் பாதி வேலை பெட்டியைத் திறப்பது, மீதி வேலை குடும்பத்தைப் பிரித்து வைப்பது. கும்மிடிப்பூண்டி பஜாரில் கடை போட்டுப் பதினோரு வருஷமாகிறது. ஸ்கூட்டியில் டூல் பேக்கோடு போய் இறங்கினால், "மெக்கானிக் பின்னாடி வர்றாராம்மா?" என்று இன்றைக்கும் தெருவை எட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. அதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஒரே கம்ப்யூட்டரை வீடு முழுக்கப் பங்கு போட்டு அவதிப்படும் சக ஜீவன்களே, உங்களுக்காக ஒரே ஒரு வீட்டுச் சமாசாரத்தை மட்டும் சொல்கிறேன்.

தடித்த எழுத்து

சுகன்யா கடைக்கு வந்து நின்றபோது கண் சிவந்திருந்தது. கல்யாணத்தோடு வேலையை விட்டவள். மகள் காலேஜுக்குப் போன பிறகு, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு மெயிலும் வந்திருக்கிறது. அவள் அதைப் பார்த்தபோது இன்டர்வியூ முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கணவர் பாபு, மகள் நர்மதா, மாமனார் ஜெயராமன், சுகன்யா என்று நாலு பேருக்கும் ஒரே மெயில். கேஸ் பில், ஹால் டிக்கெட், கண்ட கண்ட லோன் விளம்பரம் எல்லாம் அதில்தான் வந்து விழும். படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும், ஒருதரம் திறந்தால் மெலிந்துவிடும், உங்களுக்குத் தெரியாததில்லை. சுகன்யா தடித்ததை மட்டும்தான் பார்ப்பாள். அவளுக்கு வந்ததை யாரோ முன்னாலேயே திறந்திருக்கிறார்கள். "நைனாதான் மேடம் தெனம் அத பாத்துக்கினு இருப்பாரு" என்று பாபு மெதுவாகச் சொன்னார்.

நைனா என்றால் அவருடைய அப்பா, பெரியவர் ஜெயராமன். முப்பது வருஷம் ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர். நோட்டில் பேர் எழுதாமல் ஒரு ஈயைக்கூட உள்ளே விட்டதில்லை. ரிட்டையரான பிறகு அந்தக் கண்டிப்பு மெயில் பக்கம் திரும்பிவிட்டது. தினம் காலை நாஷ்டா முடித்ததும் உட்கார்ந்து, தடித்த எழுத்து ஒன்று பாக்கியில்லாமல் தட்டித் தட்டி மெலிய வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இங்கிலீஷ் படிக்க வராது என்பது வேறு விஷயம். நடந்ததை நான் விளக்கியதும் அவர் முகம் சுண்டிப்போனது. "பெண்டிங்கு வெக்கக் கூடாதுன்னுதாம்மா தொட்டேன். என் மருமவ பொழப்பு அதுல கீதுன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

குடும்பத் தலைவி

அன்றைக்கே நாலு பேருக்கும் தனித்தனி அக்கவுண்ட், தனித்தனி மெயில் போட உட்கார்ந்தேன். பெரியவர் வாசலோரமே நின்றுகொண்டு, "எனுக்கு வோணாம், இனிமே அந்தாண்டையே வர மாட்டேன்" என்றார். சுகன்யாவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அவள்தான், "மாமாவுக்கும் ஒண்ணு போடுங்கக்கா, அவருக்குன்னு ஒண்ணு இருந்தாதான் என்னுதத் தொட மாட்டாரு" என்றாள். எனக்கு அவளை அங்கேயே பிடித்துப்போய்விட்டது.

அடுத்த பஞ்சாயத்து, அட்மின் யார் என்பது. அட்மின் கையில் வீட்டுச் சாவிக்கொத்தே இருக்கிற மாதிரி. மற்ற மூன்று பேருடைய அக்கவுண்டையும் சேர்க்க, நீக்க அவரால்தான் முடியும். பாபு காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். ஷிஃப்ட் மாறி மாறிப் போகிற மனுஷன், வீட்டில் இருந்தால் தூங்குவார், மவுஸைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. பேசாமல் சுகன்யா பேரை அடித்தேன். திரையை எட்டிப் பார்த்தவர், சிரித்துவிட்டார். "வுடுங்க மேடம், கெவுர்மென்ட்டே அவளத்தான் குடும்பத் தலைவின்னு சொல்லிக்கினு கீது. நீங்க மட்டும் இன்னா மாத்தியா போடப் போறீங்க?"

காதோடு சொன்னது

பாஸ்வேர்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். நன்றாகவே எடுபட்டது. ஒவ்வொருவராக உள்ளே வந்து, மற்றவர்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு என் காதைக் கடித்தார்கள். பாபு பெரியபாளையத்து அம்மனை நினைத்து, "பவானி, ஒண்ணு ரெண்டு மூணு" என்றார். நர்மதாவும் அதையே சொன்னாள். பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அதையே சொன்னார். கடைசியாக வந்த சுகன்யா, "யாருக்கும் தெரியக் கூடாதுக்கா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அதே பவானியைச் சொன்னாள். தொழில் தர்மம், வாயைத் திறக்க முடியவில்லை. வேறு ஏதாவது வையேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "அவ காப்பாத்தாததயா அக்கா வேற ஒண்ணு வந்து காப்பாத்தப் போவுது?"

கவிழ்த்து வைத்த கிண்ணம்

புது மெயிலிலிருந்து சுகன்யா முதலில் எழுதியது அந்தக் கம்பெனிக்குத்தான். பார்க்கத் தவறிவிட்டேன், இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று. ஒரு மாதமாகியும் பதில் இல்லை. கடை வழியாகப் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவாள்.

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பெரியவர் போன் செய்தார். சி.பி.யூ.வில் நான் ஒட்டிவிட்டு வந்த ஸ்டிக்கரில் நம்பரைப் பார்த்திருக்கிறார். சுகன்யா தன் மெயிலை மூடாமல் பெரியபாளையம் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள், போனையும் சார்ஜில் விட்டுவிட்டாள். பாபு ஃபேக்டரிக்குள், நர்மதா காலேஜில். "தடிச்ச எழுத்து ஒண்ணு வந்துகீதும்மா. அந்தக் கம்பெனி போர்டுல கீற அதே எழுத்து, பஸ்ல போவசொல்ல பாத்துகீறேன். இப்ப டிவி கறுப்பாயிடுச்சி. உள்ள மெலிஞ்சிடுமா?" ஆகாது என்று எவ்வளவோ சொன்னேன், நம்பவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டுப் போனேன்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மவுஸ் மேல் ஒரு சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார், கை தவறிக்கூடப் படக் கூடாதாம். நாஷ்டா தட்டிலேயே ஆறிக் கிடந்தது. நான் கிண்ணத்தை எடுக்கப் போனதும், "நீயும் தொடாத" என்று ஓர் அதட்டல். தொழிலுக்கு வந்த நாளாக இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. அவரைத் தனியாக விட்டு வரவும் மனசு வரவில்லை. இரண்டு பேரும் கறுத்த திரையைப் பார்த்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம்.

பன்னிரண்டரைக்கு நெற்றி நிறையக் குங்குமத்தோடு சுகன்யா வந்தாள். பெரியவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவள் கிண்ணத்தை எடுத்தாள், பவானியை அடித்தாள், மெயிலைத் திறந்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூவுக்கு வரவும் என்று இருந்தது. அவள் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை மூச்சு விடாமல் நின்றவர், குனிந்து திரையைப் பார்த்தார். "ஆங், இப்ப மெலிஞ்சா பரவால்ல. நான் போயி நாஷ்டா துன்றேன்."

சுகன்யா அந்த ஸ்டோர்ஸில் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்த நான் பார்த்ததில், யாராலும் திறக்க முடியாத பூட்டு அந்தச் சில்வர் கிண்ணம் ஒன்றுதான்.