செவ்வாய்க் கிரகத்துக் கூலியாட்கள்

“படம் ஊமை, வாய் நம்மளது. அந்த வாயை மட்டும்...” என்று ஆரம்பிப்பார், சேலத்தில் மௌனப்படங்களுக்குக் கதை சொல்லிப் பிழைத்த என் பெரியப்பா. மிச்சம் மறந்துவிட்டது. அதே தொழிலுக்கு நாற்பத்தேழு வயதில் நானும் வந்து சேர்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில், பம்பாய் வேலையை விட்டு ஏற்காடு திரும்பியிருந்த சமயம். ஒண்டிக்கடைப் பக்கம் அந்தோணி டிவியும் டெக்கும் வைத்து வீடியோ படம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஞாயிறு மதியம் இங்கிலீஷ் படம். பார்க்க வருவதோ காப்பி எஸ்டேட் ஆட்கள். டிவி ஓரத்தில் மைக்கோடு நின்று தமிழில் கதை சொல்ல ஆள் வேண்டியிருந்தது. மிஷன் பள்ளியில் இரண்டு மொழியும் படித்தவன் நான். நாவலைப் படித்துவிட்டு அதன் படத்துக்குப் போய் நொந்தவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு நொந்தீர்கள். நான் மைக்கில் நொந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே

முதல் படமே, பள்ளி நாட்களில் நான் நாலு தடவை படித்த பழைய விஞ்ஞான நாவல். செவ்வாய்க் கிரகத்தில் ஐஸ் வெட்டும் கூலியாட்களுக்கு மூச்சுவிடும் காற்றைக்கூடக் கம்பெனி அளந்துதான் கொடுக்கும். ஒருநாள் எல்லாரும் கோடாரியைக் கீழே போடுகிறார்கள். அதுதான் கதை. கறுப்பு வெள்ளையில் எடுத்த மகானுபாவர்கள் கூலியாட்களை அடியோடு விட்டுவிட்டு, கம்பெனி துரை மகளுக்கும் விமான ஓட்டிக்கும் காதல் வைத்திருந்தார்கள்.

பாதிப் படம் வரை பொறுத்தேன். துரை மகள் ஜன்னலோரம் நின்று அழுத இடத்தில், அந்த ஜன்னலுக்கு வெளியே ஐஸ் வெட்டிக்கொண்டிருப்பவர்களின் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். படம் முடிந்ததும், நாகலூர் எஸ்டேட்டில் பழம் பறிக்கும் ராசம்மா கிட்டே வந்தாள்.

“ஏனுங்க, கண்ணுக்குத் தெரிஞ்சது ஒண்ணு, காதுல கேட்டது ஒண்ணு. காதுல கேட்டதுதானுங்க நொம்ப நல்லா இருந்துச்சு.”

முத்தம்

அந்தோணிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முத்தம் தெரியும். அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டான். படம் எடுத்தவன் தப்பாக எடுத்துவிட்டான், நான் திருத்தினேன் என்றேன்.

“ஏனுங்கண்ணா, அவ அவனைக் கட்டிப் புடிச்சு முத்தம் குடுக்கறா, நீங்க ‘காத்து பத்தலை, காத்து பத்தலை’ன்னு கத்தறீங்க!”

கலர்

ஆறேழு மாதம் கழித்து அதே கதை கலரில், புதிதாக எடுத்தது, கேசட்டாக வந்தது. ஆசையோடுதான் நின்றேன். இதில் கூலியாட்கள் இருந்தார்கள், அத்தனை பேரும் இயந்திர மனிதர்களாக! கடைசியில் துரை ஒரு பொத்தானை அமுக்க, எல்லாம் வரிசையாக வேலைக்குத் திரும்பின. ராசம்மா முன்வரிசையில் எழுந்துவிட்டாள்.

“ஏனுங்க, போன தடவை எங்களைக் காட்டவே இல்லை. இப்ப மிசினாக்கிப் போட்டாங்களா?”

கம்பளி

அதற்கு நான் நாவலின் முடிவைச் சொன்னேன். யாரும் கோடாரியைத் திரும்ப எடுக்கவில்லை. ஐஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஐஸ் ஏற்ற வந்த கம்பெனி விண்கப்பல் காலியாகத் திரும்பியது. டிவியில் கேசட் ஓடி முடிந்து வெறும் புள்ளியாக இரைந்துகொண்டிருந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நாகலூரில் பழம் நிறுக்கும் இடத்தில் ராசம்மாவும் மற்றவர்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். குளிருக்கு வருஷா வருஷம் கொடுக்கிற கம்பளி அந்த வருஷம் வரவில்லை. வந்தால்தான் எழுந்திருப்போம் என்று. இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் அந்தோணி, அடுத்த ஞாயிறு மதியம், காலியான பெஞ்சுகளுக்கு நடுவில். உட்கார்ந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லையாம். வீடியோ பார்க்க யாரும் போகக் கூடாதென்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் உத்தரவு போட்டிருந்தார். அந்தோணியையும் நேரில் வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தார்.

“படத்துல இருக்கறத மட்டும் சொல்றேன்னு ரைட்டர்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணா. இல்லீன்னா மைக்கைக் குடுத்துருங்க.”

மைக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, பையில் நாவலோடு நாகலூர் பஸ் ஏறி, இறக்கி வைத்த கூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைத் தமிழில் வாசிக்கத் தொடங்கினேன்.